இரண்டாம் வரிசையில் ஒரு அரியலூர்க்காரர்

'பி டீம்' ஆடுதுன்னா நம்மில் பலர் மேட்ச்சே பார்க்க மாட்டோம். 2022 மே மாதம் ஜகார்த்தா ஆசியக் கோப்பை ஹாக்கிக்கு இந்தியா அனுப்பியது அப்படி ஒரு இளம் அணியைத்தான். பிரேந்திர லக்ரா கேப்டன்.

முதல் ஆட்டம் பாகிஸ்தானோடு. 9ஆவது நிமிடத்தில் இந்தியாவுக்கு கோல். அடித்தவர் அன்றுதான் அறிமுகமான கார்த்தி செல்வம். ஊர் அரியலூர்; ஆட்டம் கற்றது கோவில்பட்டியில்.

மேட்ச் 1-1 டிரா. பிறகு இந்தோனேசியாவை 16-0 என வென்று, கோல் வித்தியாசத்தில் இதே அணி பாகிஸ்தானை வெளியேற்றியது. அதனால பாகிஸ்தான் 2023 உலகக் கோப்பைக்கே போக முடியல. நமக்கு வெண்கலம்.

2023இல் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் கார்த்தி முதன்மை அணியிலேயே ஆடி, மலேசியாவுக்கு எதிராக கோல் அடித்தார்.

அதனாலதான் சொல்றேன்: சின்ன ஊர்ப் பையனுக்கு முதல் வரிசையில யாரும் இடம் போட்டு வைக்கிறதில்ல. இரண்டாம் வரிசைத் தொடர்கள்தான் அவனுக்கு வாசல்.