பள்ளி இறுதித் தேர்வும் தாம்பரத்துக் கல்லூரி வாயிலும்

1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம், கல்லூரி புகுதற்குரிய மெட்ரிகுலேஷன் தேர்வைத் தானே நடத்திற்று. பள்ளி ஆசிரியரின் மதிப்பீட்டிற்கு அதில் இடமில்லை. 1911 முதல் நடைபெற்ற எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு இக்குறையை நீக்க எழுந்தது. மாணவர் பெற்ற ஏட்டில் பள்ளி மதிப்பெண்ணும் அரசுத் தேர்வு மதிப்பெண்ணும் சேர்ந்தே பதியப்பெற்றன. பள்ளிப் படிப்பை முடித்தார் என்பதே அவ்வேட்டின் சான்று. ஆயினும், பல்கலைக்கழகம் கல்லூரிக்குத் தகுதியுடையோரை மதிப்பெண் கொண்டு பிரித்தமையால், அத்தகுதி எய்தாதவரை ஊரார் ‘பெயில்’ என்றே வழங்கினர். ஏடு ஒன்று கூற வழக்கு மற்றொன்று கூறியதை ஈண்டு நோக்குதல் வேண்டும். முடித்தமைக்குச் சான்றாக எழுந்த தேர்வு, வடிகட்டும் சல்லடையாக மாறியது அப்போதேயாம்.

எனினும் சல்லடையின் கண்கள் அன்று ஒருவாறு அகன்றிருந்தன எனலாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. கடற்கரையிலிருந்து அவ்வூர்வரை மின்சார இரயில் 1931 முதலே ஓடிற்று. இண்டர்மீடியட் வகுப்பும், அதன் பின்வந்த புகுமுக வகுப்பும் கல்லூரிக்குள்ளேயே நடந்தன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி மிதித்தவர்க்குப் புதிய சூழலோடு பழக இஃது ஓர் இடைக்காலமாய் உதவிற்று. அருகிலுள்ள குரோம்பேட்டையில் சி. இராசம் 1949-இல் நிறுவிய எம்.ஐ.டி., தொடக்கத்தில் அறிவியல் பட்டம் பெற்றோரையே பொறியியலுக்குச் சேர்த்தது. பள்ளியில் பின்தங்கிக் கல்லூரியில் மலர்ந்தவர்க்கும் அவ்வாயில் திறந்திருந்தது. இச்சிறப்பு போதிய அளவு பேசப்படவில்லை என்பது எம் கருத்து.

1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தது. புகுமுக வகுப்பு மறைந்தது. 1980-இல் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்தது. அது முதல், பதினேழு வயதில் எழுதும் ஒரு தேர்வின் மேல் பெருஞ்சுமை ஏறிற்று. தொழிற்கல்விக்கு 1984-இல் நுழைவுத் தேர்வு சேர்ந்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 2007-இல் நீங்கிற்று. மருத்துவத்திற்கு மட்டும் 2017 முதல் நீட் வந்தது. பொறியியல் கலந்தாய்விலோ, கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களால் அமையும் கட்-ஆஃப் அரை எண் குறையினும் விரும்பிய கல்லூரி கைநழுவும்.

இவ்வரலாற்றில் 2021 தனித்து நிற்கும் ஆண்டு. பெருந்தொற்றால் பிளஸ் டூ தேர்வு நடவாமையின், பத்தாம் வகுப்பிற்கு 50, பதினொன்றாம் வகுப்பிற்கு 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அக மதிப்பீடுகளுக்கு 30 விழுக்காடு எனக் கணக்கிட்டனர். கல்லூரிகள் அதனை ஏற்றே இடமளித்தன. பள்ளியின் மதிப்பீட்டைத் தேர்வு மதிப்பெண்ணோடு ஒருங்கு வைத்த 1911-ஆம் ஆண்டு ஏட்டின் நோக்கம், எவரும் வேண்டாமலே, ஓராண்டு உயிர்பெற்றது. 2022-இல் பொதுத்தேர்வு மீண்டது.