பாலவாக்கம் கரையின் பழைய கேஸ் ஷீட்

 

1) 2025 ஜனவரி. நைட் டூட்டி முடிச்சு பாலவாக்கம் கடற்கரைக்குப் போனேன். மணலில் ஒரு ஆமை. கழுத்து வீங்கி, கண் பிதுங்கி, இறந்து கிடந்தது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று.
அந்த மாதம் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் இப்படி ஒதுங்கின.

2) இது பங்குனி ஆமை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிட நம் கரைக்கு வரும். ஒரு தடவைக்குச் சுமார் 100 முட்டை.
ஆமைக்கு நம்மைப் போலவே நுரையீரல்தான், செவுள் கிடையாது. இழுவலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சு விட முடியாது. போராடப் போராட ஆக்சிஜன் சீக்கிரம் தீரும். கடலிலேயே வாழும் உயிர், மூச்சுத் திணறிச் சாகும்.

3) "ஆமை எப்பவும் ஒதுங்குறதுதானே டாக்டர்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.
ஒரு நோயாளியின் பி.பி. ஏறியது இன்றைக்கா, பத்து வருஷமாகவா? பழைய கேஸ் ஷீட் இல்லாமல் என்னால் சொல்ல முடியாது. கரைக்கும் அப்படித்தான்.

4) நம் கரைக்கு கேஸ் ஷீட் இருக்கு. கார்த்திக் சங்கர் 2015இல் எழுதிய 'ஃப்ரம் சூப் டு சூப்பர்ஸ்டார்'. இந்தியாவில் கடலாமைப் பாதுகாப்பின் வரலாறு. ஒரு காலத்தில் சூப்புக்குப் போன ஆமை, பின்னாளில் பாதுகாப்பின் நட்சத்திரமான கதை.

5) அந்தக் கதையின் முதல் அத்தியாயமே நம்ம ஊர்தான். கிண்டி பாம்புப் பண்ணையை ஆரம்பித்த ராமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் 1970களில் இந்தக் கரையில் இரவு இரவாக நடந்தார்கள். முட்டை எடுத்து விற்பவர்கள், தெருநாய்கள், இருவருக்கும் முன்னால் கூட்டைக் கண்டுபிடிக்கணும்!

6) அந்தக் கூட்டத்தில் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்த சதீஷ் பாஸ்கர் என்ற இளைஞரும் ஒருவர். 1982 மழைக்காலத்தில், படகே போகாத லட்சத்தீவின் சுஹேலி தீவில் மாதக்கணக்கில் தனியாகத் தங்கி ஆமைகளைக் கணக்கெடுத்தார். மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி பாட்டிலில் அடைத்துக் கடலில் போட்டார். அது இலங்கையில் ஒதுங்கியது. எடுத்த மீனவர் அதை அவர் மனைவிக்கு அனுப்பியும் வைத்தார்!

7) 1988இல் இந்த வேலையை சென்னை மாணவர்கள் கையில் எடுத்தார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, நம் பாலவாக்கம் வழியாக, சீசனில் இன்றும் நடக்கிறார்கள். கூடு எத்தனை, செத்தது எத்தனை, எல்லாம் நோட்டில் ஏறும்.
2025இல் "இது வழக்கமானது இல்லை" என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது இப்படி வருஷா வருஷம் எண்ணி வைத்ததால்தான். யாரும் எண்ணாத கரையில் ஆயிரம் செத்தாலும் "எப்பவும் நடக்குறதுதான்" ஆகிவிடும்.

8) பழி யார் மேல்? கட்டுமரம், சிறு படகில் போகும் நம் குப்பத்து மக்கள் மேல் போடாதீங்க. ஆமையை அதிகம் கொல்வது கரையோரம் வந்து இழுக்கும் பெரிய விசைப்படகு வலை. 5 கடல் மைலுக்குள் அது வரக்கூடாது என்று விதி இருக்கு. வலையில் ஆமை தப்பிக்க வழி வைக்கும் கருவியும் இருக்கு. இரண்டும் நடைமுறைக்கு வரணும், அவ்வளவுதான்.

9) நாம செய்யக்கூடியது: சீசனில் கடலைப் பார்த்த விளக்கை இரவில் அணைங்க. குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி ரோட்டுக்கு வந்துவிடும்.
தமிழில் படிக்கணும்னா சு. தியடோர் பாஸ்கரனின் 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக' தொகுப்பில் ஆரம்பிங்க.

படிச்சிட்டு ஒரு நாள் பிள்ளைகளோட கரையில் நடங்க. பார்த்ததைத் தேதி போட்டு எழுதி வைங்க. அடுத்த தலைமுறைக்கு கேஸ் ஷீட் வேணும்.