வெள்ளம் வந்த இரவுக்கு யார் கணக்குச் சொல்வது?

ஒக்லாந்து மேயரால் ஒரு பொலிஸ்காரருக்குக்கூட உத்தரவு போட முடியாது. அமெரிக்கத் தொடர்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். அங்கே பல நகரங்களில் பொலிஸ் தலைவரை மேயர்தான் நியமிக்கிறார். நகர சபையின் பொதுப் பாதுகாப்புக் குழு அவரைக் கூப்பிட்டு, மக்கள் முன்னிலையில் கேள்வி கேட்கிறது. இங்கே நாடு முழுவதற்கும் ஒரே பொலிஸ். தீயணைப்புப் படையும் ஒன்றுதான். இரண்டுமே மாநகர சபையின் கையில் இல்லை.

அப்படியானால் எங்கள் பாதுகாப்பில் மாநகர சபைக்கு என்ன பங்கு? 2023 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை இரவு, இந்த ஊரில் எல்லோரும் கேட்ட கேள்வி இது. அதற்குப் பதில் தேடினால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

கைமாறிய பொலிஸும் தீயணைப்பும்

1853 முதல் நியூசிலாந்து மாகாணங்களாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு மாகாணமும் தனக்கென்று பொலிஸ் வைத்திருந்தது, ஒக்லாந்தும் அப்படியே. 1876-இல் மாகாணங்கள் ஒழிக்கப்பட்டன. 1886-இல் வந்த சட்டம், இராணுவப் பணியிலிருந்து பிரித்து, நாடு முழுவதற்கும் ஒரே பொலிஸ் படையை உருவாக்கியது. அன்றிலிருந்து உள்ளூர் சபைகளுக்கு பொலிஸ்மீது அதிகாரம் இல்லை. இன்று பொலிஸ் ஆணையாளர் அமைச்சருக்குப் பதில் சொல்லவேண்டியவர். ஆனால் யாரைக் கைது செய்வது, எதை விசாரிப்பது என்பதில் அமைச்சரும் தலையிட முடியாது. பொலிஸ்மீது முறைப்பாடு இருந்தால் அதை விசாரிக்கத் தனியாக ஒரு சுயாதீன அதிகார சபை உண்டு.

தீயணைப்பு இன்னும் மெதுவாகக் கைமாறியது. மரக் கட்டடங்கள் நெருங்கி நின்ற பழைய ஒக்லாந்தின் நடுவே 1858-இல் பெருந்தீ பிடித்தது. அக்காலத்தில் தீயணைப்பு என்றால் ஊரவர்களும் ஊர்ச் சபையும்தான். 1906-இல் வந்த சட்டத்தின்கீழ் தீயணைப்பு வாரியங்கள் அமைந்தன. அவற்றில் அரசாங்கம், உள்ளூர் சபைகள், காப்புறுதி நிறுவனங்கள் ஆகிய மூன்று தரப்பும் உட்கார்ந்தன. 1947-இல் கிறைஸ்ட்சேர்ச்சில் பலன்டைன்ஸ் என்ற பெரிய கடை எரிந்து 41 பேர் இறந்தார்கள். விசாரணை நடந்தது, 1949-இல் புதிய சட்டம் வந்தது. 1976-இல் நகரத் தீயணைப்புப் படைகள் தேசிய சேவையாக ஒன்றாகின. கிராமப்புறத் தீயணைப்பு மட்டும் பல இடங்களில் உள்ளூர் சபைகளிடம் மிஞ்சியிருந்தது. 2017 ஜூலை 1 முதல் அதுவும் தேசிய அமைப்புக்குள் போய்விட்டது.

இந்த வரலாற்றில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. பெரிய இழப்பு ஒன்று நேரும். அதற்குப் பிறகு விசாரணை, பிறகு சட்டம், பிறகு அதிகாரம் மேலே போகும். அப்படி மேலே போகாமல் ஊரிலேயே தங்கிவிட்ட பொறுப்பு ஒன்று உண்டு. அதுதான் அனர்த்த முகாமைத்துவம்.

குழுவின் கையில் உள்ளது என்ன?

2010 நவம்பர் 1-ஆம் திகதி, எட்டு சபைகளை ஒன்றாக்கி இன்றைய ஒக்லாந்து மாநகர சபை உருவானது. ஒரு மேயர், 20 உறுப்பினர்கள், அவர்களுக்குக் கீழே 21 உள்ளூர் சபைகள். 2002-ஆம் ஆண்டின் சிவில் பாதுகாப்பு, அவசரநிலை முகாமைத்துவச் சட்டப்படி, ஒவ்வொரு பிரதேசத்திலும் தெரிவுசெய்யப்பட்டவர்கள் கொண்ட ஒரு குழு இருந்தாக வேண்டும். ஒக்லாந்தில் அது மாநகர சபையின் குழுவாகவே இயங்குகிறது.

வெள்ளம், சூறாவளி, சுனாமி, எரிமலை ஆகியவற்றுக்கான பிரதேசத் திட்டத்துக்கு இந்தக் குழு பொறுப்பு. நாங்கள் குடியிருப்பதே ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலைகள் உள்ள நிலத்தில்! அவசரநிலையில் கட்டளை பிறப்பிக்கும் கட்டுப்பாட்டாளரை நியமிப்பதும் இந்தக் குழுதான். இதற்குக் கீழே அதிகாரிகளின் ஒருங்கிணைப்புக் குழு ஒன்று உண்டு. அதில் பொலிஸ், தீயணைப்பு, சுகாதாரம் ஆகிய துறைகளின் மூத்தவர்கள் இருப்பார்கள். பொலிஸுக்கு உத்தரவு போட முடியாத மாநகர சபை, பொலிஸோடு ஒரே மேசையில் உட்கார்ந்து "நீங்கள் ஆயத்தமா?" என்று கேட்கக்கூடிய இடம் இதுதான்.

குழுவின் உண்மையான வேலை மழை பெய்யாத மாதங்களில் நடக்கிறது. திட்டம் ஒத்திகை பார்க்கப்பட்டதா, தங்குமிடங்கள் எங்கே, ஆட்கள் போதுமா, எச்சரிக்கை யாருக்கு எப்படிப் போய்ச் சேரும் என்ற கேள்விகள் அப்போதே கேட்கப்பட வேண்டும். கேட்டால் செய்தியாகாது, கேட்காமல் விட்டாலும் உடனே யாருக்கும் தெரியாது. மழை வந்தால்தான் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை

2023 ஜனவரி 27 அன்று ஒக்லாந்து விமான நிலையத்தில் 24 மணி நேரத்தில் 249 மில்லிமீற்றர் மழை பதிவானது. அதற்கு முந்தைய சாதனை 1985-இல் பதிவான 161.8 மில்லிமீற்றர். விமான நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்தது. மவுண்ட் ஸ்மார்ட் அரங்கில் எல்டன் ஜோன் பாடவிருந்த நிகழ்ச்சி ரத்தானது. சாண்ட்ரிங்கம், மவுண்ட் ரொஸ்கில், வைராவ் பள்ளத்தாக்கு என்று எங்களுக்கு நன்கு தெரிந்த இடங்களில் வீதிகள் ஆறுகளாயின. நான்கு பேர் உயிரிழந்தார்கள்.

மாலையிலேயே வீதிகளில் கார்கள் மிதக்கத் தொடங்கிவிட்டன. ஆனால் அவசரநிலைப் பிரகடனம் மக்களுக்குத் தெரியவந்தபோது இரவு பத்து மணி தாண்டிவிட்டது. எல்லாக் கைபேசிகளையும் ஒரே நேரத்தில் அலறவைக்கும் அவசர எச்சரிக்கை அன்றிரவு அனுப்பப்படவே இல்லை. மூன்று மாதங்களுக்கு முன்புதான் மேயராகத் தெரிவான வெய்ன் பிரவுன் கடுமையான விமர்சனத்துக்கு ஆளானார்.

முன்னாள் பொலிஸ் ஆணையாளர் மைக் புஷ் தலைமையில் ஒரு மீளாய்வு நடந்தது. முதல் 48 மணி நேரத்தை மட்டும் ஆராய்ந்த அந்த அறிக்கை ஏப்ரல் மாதம் வெளியானது. அதில் 17 பரிந்துரைகள் இருந்தன. இவ்வளவு பெரிய, இவ்வளவு வேகமான அனர்த்தத்துக்கு அவசரநிலை அமைப்பு ஆயத்தமாக இருக்கவில்லை என்றும், மக்கள் கண்முன்னே நின்று வழிநடத்துவது எவ்வளவு முக்கியம் என்பதைத் தலைமையில் இருந்தவர்கள் குறைத்து மதிப்பிட்டார்கள் என்றும் அது சொன்னது.

அறிக்கை வருவதற்கு முன்பே, பெப்ரவரி நடுப்பகுதியில் கேப்ரியல் சூறாவளி வந்துவிட்டது. முரிவையில் நடந்த மண்சரிவில் இரண்டு தொண்டர் தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். நாட்டின் அவசரநிலை அமைப்பையே ஆராய்ந்த அரச விசாரணையின் அறிக்கை 2024 ஏப்ரலில் வந்தது.

பழைய பாடம் ஒன்று

இந்த அறிக்கைகளைப் பற்றி வாசித்தபோது எனக்கு உத்திரமேரூர் ஞாபகம் வந்தது. காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ள ஊர் அது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறக்குறைய 919, 921-ஆம் ஆண்டுகளில், ஊர்ச் சபையின் விதிகளை அங்கே கல்லில் வெட்டி வைத்தார்கள். சபைக்குக் கீழே பல வாரியங்கள், அதாவது இன்றைய பேச்சில் குழுக்கள். அவற்றில் ஒன்று ஏரி வாரியம். ஏரிதான் அந்த ஊரின் சோறு. கரை உடைந்தால் அதுவே வெள்ளம். ஆகவே ஏரியைப் பார்த்துக்கொள்ளும் குழு என்பது ஊரின் பாதுகாப்புக் குழுவும்தான்.

உறுப்பினர்களைக் குடவோலை முறையில், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு எடுத்தார்கள். 360 நாட்கள்தான் பதவி. எனக்குப் பிடித்த விதி வேறொன்று: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடியும் தெரிவாக முடியாது. பொறுப்பை வாங்கினால் கணக்குச் சொல், சொல்லாவிட்டால் உன் குடும்பத்துக்கே இடமில்லை என்பதுதான் அதன் பொருள்.

இதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு நிறுத்தக்கூடாது. அது பிராமணர் ஊர். நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே குடத்தில் ஓலை. வயலில் இறங்கி உழைத்தவர்கள் ஏரி வாரியத்திடம் கணக்குக் கேட்டிருக்க முடியாது. ஒக்லாந்தில் நிலைமை அப்படி இல்லை. 18 வயதானால் வாக்கு உண்டு. குடியுரிமை தேவையில்லை. நிரந்தர வதிவிடம் பெற்று, இங்கே ஒரு வருடம் தொடர்ந்து வாழ்ந்த அம்மா, அப்பாவும் வாக்களிக்கலாம். ஆனாலும் 2022 ஒக்டோபர் தேர்தலில் ஒக்லாந்தில் வாக்களித்தவர்கள் ஏறக்குறைய 35 சதவீதம்தான். எல்லோருக்கும் குடத்தில் ஓலை இருந்தும், மூன்றில் இரண்டு பங்கினர் அதைத் தொடவில்லை.

எங்கள் காலத்துக்கும் ஒரு சென்னை உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்ட விதத்தை இந்தியத் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை கடுமையாகக் குறை கூறியது. அது சட்டமன்றத்துக்கு வந்தது 2018-இல். ஒக்லாந்துக்கு மூன்று மாதத்தில் அறிக்கை வந்தது, அது நல்லதுதான். ஆனால் இரண்டுமே தண்ணீர் வடிந்த பிறகு வந்த கணக்கு. குழு என்று ஒன்று இருப்பது, தண்ணீர் வருவதற்கு முன்னால் கணக்குக் கேட்பதற்காக.

முன்னால் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மவுண்ட் ரொஸ்கிலில் ஓர் உதாரணம் இருக்கிறது. டே அவுஅவுங்கா என்ற ஓடை, வால்ம்ஸ்லி பூங்கா வழியாக நீண்ட காலம் நேரான கொங்கிரீட் வாய்க்காலாக ஓடியது. 2023-க்குச் சில வருடங்களுக்கு முன்பே மாநகர சபை கொங்கிரீட்டை உடைத்து, ஓடையை அகலமாக்கி, கரையில் மரங்கள் நட்டிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை தண்ணீர் பரவுவதற்குப் பூங்காவில் இடம் இருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு அரசாங்கமும் மாநகர சபையும் சேர்ந்து, இனிக் குடியிருக்க முடியாத ஏறக்குறைய 1200 வீடுகளை வாங்கத் தீர்மானித்தன. முன்கூட்டி நீருக்கு இடம் விடுவதும், பிறகு வீடுகளை வாங்கி இடிப்பதும், இரண்டும் எங்கள் வீட்டு வரிப் பணம்தான்.

எங்கள் வீடுகளில் எச்சரிக்கையை முதலில் வாசிப்பவர் பெரும்பாலும் இளையவர். அம்மம்மாவுக்கும் தாத்தாவுக்கும் அதைத் தமிழில் சொல்பவரும் அவரே. அந்தப் பிள்ளை வீட்டில் இல்லாத இரவில் என்ன நடக்கும்? ஆங்கிலம் வாசிக்காத முதியவருக்கு எச்சரிக்கை எந்த மொழியில் வரும்? தங்குமிடம் எங்கே என்று யார் சொல்வார்கள்? இவை அந்தக் குழுவிடம் கேட்கவேண்டிய கேள்விகள்.

கேட்பதற்கு வழியும் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழுவின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை, நிகழ்ச்சி நிரலையும் முன்கூட்டியே வெளியிட வேண்டும். பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கப்படுகிறது. முன்பே விண்ணப்பித்தால் ஐந்து நிமிடம் கிடைக்கும். மேலே உள்ள மூன்று கேள்விகளையும் கேட்க இரண்டு நிமிடம் போதும். மீதி மூன்று நிமிடத்தையும் அவர்கள் பதிலுக்கு விட்டுவிடுங்கள்.