நான் எடுக்காத பணம்: இயந்திரத்தின் சாட்சியும் மனிதரின் சாட்சியும்

கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்ட் வருகிறது. நடுவில் ஒரு வரி: ஏடிஎம்மில் பணம் எடுத்தது, இத்தனை ஆயிரம். கார்டு உங்கள் பர்ஸில்தான் இருக்கிறது. ரகசிய எண்ணை யாரிடமும் சொன்னதில்லை. வங்கிக்குப் போன் போட்டால், "சரியான கார்டு, சரியான பின் நம்பர். எங்கள் கணினியில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது" என்று பதில் வருகிறது. கார்டில் ரொக்கம் எடுத்தால் பொதுவாக முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பதால் நேரமும் இல்லை.

இப்போது யார் யாருக்கு நிரூபிக்க வேண்டும்? நான் எடுக்கவில்லை என்று நீங்களா, நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று வங்கியா? பார்க்கச் சின்னக் கேள்விதான். ஆனால் இரண்டு நாடுகள் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லி, இரண்டு விதமான பலனை அனுபவித்திருக்கின்றன.

கதை கார்டிலிருந்தே தொடங்குகிறது. 1958ல் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் சுமார் 60,000 பேருக்கு, யாரும் கேட்காமலேயே கிரெடிட் கார்டைத் தபாலில் அனுப்பியது. 1960களின் பிற்பகுதியில் மற்ற வங்கிகளும் அதே வழியில் இறங்கின. தபால் பெட்டியிலேயே கார்டுகள் திருடு போயின. கார்டைக் கண்ணால்கூடப் பார்க்காதவர் வீட்டுக்கு பில் வந்தது! மக்கள் கொதித்ததில் 1970ல் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டது. கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது. அடுத்தவர் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தினால் கார்டுக்காரர் தலையில் 50 டாலருக்கு மேல் கட்டக் கூடாது. அவர் அனுமதியோடுதான் நடந்தது என்றால் அதைக் கார்டு கொடுத்த நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும்.

1974ல் இன்னொரு சட்டம், பில்லில் உள்ள தவறை எதிர்த்துக் கேட்பதற்கு ஒரு முறையை வகுத்தது. ஸ்டேட்மெண்ட் அனுப்பிய 60 நாளுக்குள் வாடிக்கையாளர் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். நிறுவனம் 30 நாளுக்குள் புகார் கிடைத்ததென்று ஒப்புக்கொண்டு, அதிகபட்சம் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவரை சர்ச்சைக்குரிய தொகையைக் கட்டத் தேவையில்லை. "எழுத்து மூலம்" என்பதைக் கவனியுங்கள். போனில் கத்தினால் மட்டும் உரிமை பிறக்காது.

இதற்கிடையில் இயந்திரம் வந்துவிட்டது. 1967 ஜூன் 27 அன்று லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் பார்க்லேஸ் வங்கி பணம் தரும் இயந்திரத்தைத் திறந்தது. கடையில் பொருள் வாங்கினால் கையெழுத்து இருக்கும், விற்றவர் முகம் பார்த்திருப்பார். இயந்திரத்துக்குக் கையெழுத்தும் தெரியாது, முகமும் தெரியாது. காந்தப்பட்டையும் நான்கு இலக்கமும் பொருந்தினால் பணம் கொடுத்துவிடும். "எடுத்தது இவர்தான்" என்று சொல்ல, இயந்திரத்தின் பதிவைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

அந்தச் சாட்சியை நம்பலாமா என்ற கேள்வி 1980ல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதி சிவில் நீதிமன்றத்துக்கு வந்தது. இது கிரெடிட் கார்டு அல்ல, வங்கிக் கணக்கின் ஏடிஎம் கார்டு. ஆனால் சிக்கல் அச்சு அசலாக அதேதான். ஒரு பெண்மணியின் கணக்கிலிருந்து இரண்டு தடவையில் 800 டாலர் போயிருந்தது. அந்த நேரத்தில் அலுவலகத்தில் வேலையில் இருந்ததாக முதலாளியிடமிருந்து கடிதம் வாங்கி வந்தார். சிட்டிபேங்க் கணினிப் பதிவைக் காட்டியது. நம்பத்தக்க ஒரு மனிதர் சாட்சி சொல்லும்போது, எதிரே இருப்பது இயந்திரம் என்பதற்காகவே அவர் தோற்றுவிட வேண்டியதில்லை என்று கருதிய நீதிபதி, பணத்தை வட்டியோடு திருப்பித் தரச் சொன்னார்.

1978ல் நிறைவேறிய மின்னணுப் பணப் பரிமாற்றச் சட்டம் ஏடிஎம் கார்டுக்கும் இதே நியாயத்தைக் கொண்டுவந்தது. 1980 மே மாதம் முதல் அதன் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தன. வாடிக்கையாளரே எடுத்தார் என்று நிரூபிப்பது வங்கியின் பொறுப்பாயிற்று. ஆனால் கிரெடிட் கார்டைவிட இதில் கெடு கறார்: இரண்டு வேலை நாளுக்குள் சொன்னால் 50 டாலர், தாமதித்தால் 500 டாலர் வரை, ஸ்டேட்மெண்ட் வந்து 60 நாளுக்கு மேல் பேசாமல் இருந்தால் அதற்குப் பிறகு போவதற்கு வரம்பே இல்லை.

இனி கடல் தாண்டிப் பிரிட்டனுக்குப் போவோம். அங்கே 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் நிலைமை தலைகீழ். "எங்கள் அமைப்பில் தவறு நடக்காது. நீங்களோ உங்கள் வீட்டில் யாரோதான் எடுத்திருக்க வேண்டும்" என்பதே வங்கிகளின் வழக்கமான பதில். இதன் உச்சம் ஒரு காவலரின் வழக்கு. கேம்பிரிட்ஜ்ஷயரைச் சேர்ந்த அவர், 1992ல் விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது கணக்கில் 460 பவுண்டு குறைந்திருந்தது. ஹாலிஃபாக்ஸ் நிறுவனத்திடம் புகார் செய்தார். பணம் திரும்பி வரவில்லை, வழக்கு வந்தது! பொய்ப் புகார் கொடுத்து மோசடி செய்ய முயன்றதாக 1994ல் அவருக்கே தண்டனை விதிக்கப்பட்டது.

மேல்முறையீட்டில் அவருக்குத் துணை நின்றவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினிப் பாதுகாப்பு நிபுணர் ராஸ் ஆண்டர்சன். "தவறே நடக்காத அமைப்பு என்றால் திறந்து காட்டுங்கள்" என்று கேட்டார்கள். நிறுவனம் மறுத்தது. பரிசோதிக்க விடாத இயந்திரத்தின் சாட்சியை ஏற்க முடியாது என்று நீதிமன்றம் சொல்ல, 1996ல் காவலர் விடுதலையானார். ஒரு புகார் கொடுத்ததற்கு நான்கு வருடம்.

இந்த ஆண்டர்சன் (1956-2024) வங்கி மோசடிகள் உண்மையில் எப்படி நடக்கின்றன என்று 1993ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். யாரும் பூட்டை உடைக்கும் மேதையாக இல்லை. வரிசையில் பின்னால் நின்று ரகசிய எண்ணைப் பார்த்து, வீசியெறிந்த ரசீதிலிருந்து கணக்கு எண்ணைப் பொறுக்கிப் போலி கார்டு செய்தவர்கள் இருந்தார்கள். வங்கி ஊழியர்களே கைவைத்ததும் உண்டு. பிறகு அவர் சொன்ன ஒரு விஷயம்தான் இந்தக் கட்டுரையின் மையம். அமெரிக்காவில் நட்டம் வங்கிக்கு, அதனால் வங்கி திருடனைத் தேடியது. பிரிட்டனில் நட்டம் வாடிக்கையாளருக்கு, அதனால் புகார்கள் குப்பைக்குப் போயின, ஊழியர்கள் அசட்டையானார்கள், பாதுகாப்புக்குச் செலவழித்தும் மோசடி பெருகியது. அதாவது, நிரூபிக்கும் பொறுப்பை யார் தலையில் வைக்கிறோம் என்பதே இயந்திரம் எவ்வளவு பத்திரமானது என்பதைத் தீர்மானிக்கிறது.

சிப் கார்டு வந்தபின் கதை முடிந்துவிட்டதா? 2006 பிப்ரவரி முதல் பிரிட்டனில் சிப்பும் ரகசிய எண்ணும் வழக்கமாயின. "சிப்பை நகலெடுக்க முடியாது" என்ற புதுப் பல்லவியும் வந்தது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2010ல், திருடிய சிப் கார்டைத் தவறான ரகசிய எண்ணோடு கடை இயந்திரத்தில் பயன்படுத்திக் காட்டினார்கள். 2012ல், சில ஏடிஎம்கள் ஊகிக்க முடியாததாக உருவாக்க வேண்டிய எண்ணை எளிதில் ஊகிக்கும்படி உருவாக்குவதைக் கண்டுபிடித்தார்கள். இதற்கிடையே 2009ல் வந்த பிரிட்டன் விதிகள், ரகசிய எண் பயன்பட்டதாகப் பதிவு இருப்பது மட்டுமே போதுமான ஆதாரம் ஆகிவிடாது என்று கூறின.

நம் நாட்டுக்கு இந்த நியாயம் தெளிவாக எழுத்தில் வந்தது 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையில். தவறு வங்கி மீதும் இல்லை, வாடிக்கையாளர் மீதும் இல்லை, இடையில் வேறு எங்கோ என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு நட்டம் பூஜ்யம். புகார் வந்த பத்து வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். மிக முக்கியமாக, வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கிக்கே. ரகசிய எண்ணை நாமே யாரிடமாவது சொல்லியிருந்தால் மட்டும், புகார் செய்யும்வரை போன பணம் நம்முடையது.

இத்தனை வழக்குகளிலும் ஜெயித்தவர்களைப் பாருங்கள். அவர்கள் கையில் இருந்தவை சாதாரணப் பொருள்கள்: ஒரு முதலாளியின் கடிதம், "உங்கள் இயந்திரத்தைக் காட்டுங்கள்" என்ற ஒரு கேள்வி. நமக்கும் அதே போதும். உடனே கார்டை முடக்கி, அன்றே எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். அந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள் என்பதற்கு ஒரு சான்று எடுத்து வையுங்கள். எந்த ஏடிஎம், எத்தனை மணி, கேமராப் பதிவு எங்கே என்று கேளுங்கள். கணினி சொல்லிவிட்டது என்றால், கணினியும் ஒரு சாட்சிதான். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய நமக்கு உரிமை உண்டு.