மலைக்குப் பின்னால் பிறை

திருவண்ணாமலைக்குப் பௌர்ணமியை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சிறப்புப் பேருந்துகள், அடைக்கப்பட்ட சாலைகள், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க வெறுங்கால்கள். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை அதே நிலவின் கீழ் இந்த ஊரில் இன்னொரு கூட்டமும் கண்விழிக்கிறது. ஹிஜ்ரி மாதம் பிறையில் தொடங்குவதால் அதன் பதினைந்தாம் இரவு பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். ஷஃபான் மாதத்தின் அந்த இரவு, பராஅத். மக்ரிபுக்குப் பிறகு யாசீன் ஓதுவார்கள், கபர்ஸ்தானுக்குப் போய் இறந்தவர்களுக்காக துஆ கேட்பார்கள், வீட்டில் ரொட்டியோ பாயசமோ இருக்கும். இதெல்லாம் மார்க்கத்தில் இல்லாத புதுமை என்று மறுப்பவர்களும் இன்று நிறையப் பேர். மறுப்பவர், செய்பவர் இருவருக்குமே பொதுவான ஒன்று உண்டு: நோன்புக்கு இன்னும் பதினைந்து நாள்தான் என்ற கணக்கு.

அந்தப் பதினைந்து நாளில் என்னவெல்லாம் நடக்கிறது? போன வருடம் நோயிலோ பயணத்திலோ விட்டுப்போன களா நோன்பைப் பெண்கள் அவசர அவசரமாக முடிப்பார்கள். பள்ளிவாசலுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். தராவீஹ் தொழுகையில் குர்ஆன் முழுவதையும் மனப்பாடமாக ஓதத் தெரிந்த ஒரு ஹாஃபிழைத் தேட வேண்டும். இதில் வடாற்காடு பக்கத்து ஊர்களுக்கு ஒரு வசதி இருந்தது. ஷா அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் 19ஆம் நூற்றாண்டில் வேலூரில் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரசா எட்டும் தூரத்தில். மதரசாக்களின் ஆண்டு ஷஃபானில் முடிந்துவிடும், ரமலான் முழுக்க விடுமுறை. படித்து முடித்த பையன்கள் அப்போது ஊர் ஊராகப் பிரிந்து போவார்கள். வசதி உள்ளவர்கள் ஜகாத் கணக்குப் பார்ப்பார்கள், நூற்றுக்கு இரண்டரை. முப்பது நாள் கஞ்சிக்கு எந்த நாள் யார் பொறுப்பு என்று முத்தவல்லி நோட்டுப் போடுவார்.

இத்தனைக்கும் சொற்கள் தமிழ்தான். மசூதி பள்ளிவாசல், ஸலாத் தொழுகை, ஸவ்ம் நோன்பு. ‘பள்ளி’ சமணரும் பௌத்தரும் தங்கள் துறவிகளின் இருப்பிடத்துக்கு வழங்கிய சொல். ‘நோன்பு’ அதைவிடப் பழையதாகக்கூட இருக்கலாம். திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே செஞ்சிக்குப் போனால் அருகே திருநாதர்குன்று. 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற சமண ஆசிரியருக்கு அங்கே ஒரு நிசீதிகைக் கல்வெட்டு இருக்கிறது. ‘ஐ’ என்ற எழுத்தின் பழைய வடிவத்துக்காகத் தொல்லெழுத்து ஆய்வாளர்கள் அதைக் கொண்டாடுவார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு: அவர் உண்ணாமல் இருந்ததைச் சொல்ல அந்தக் கல்வெட்டு பயன்படுத்தும் வினை, ‘நோற்றல்’. இன்றைக்கும் தமிழ்நாட்டில் பல பள்ளிவாசல்களில் தராவீஹ் முடிந்ததும் இமாம் நாளைய நோன்புக்கான நிய்யத்தை முதலில் அரபியில், பிறகு தமிழில் சொல்லித்தர ஜமாஅத் திருப்பிச் சொல்கிறது. அப்போது அவர்கள் வாயில் வருவதும் அந்தச் சொல்தான். சமண முனிவருடையது சாவை நோக்கிய நோன்பு. இவர்களுடையது மாலையில் ஒரு பேரீச்சம்பழத்தில் முடிவது. இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. வெளியிலிருந்து வந்த ஒரு கடமைக்கு இந்த மண்ணில் பெயர் ஏற்கெனவே தயாராக இருந்தது, அவ்வளவுதான்.

தயாராக இல்லாதது ஒன்றே ஒன்று. தேதி.

ஷஃபான் 29 அன்று சூரியன் மறைந்ததும் மேற்கு அடிவானத்தில் பிறை தெரிந்தால் அன்றிரவே தராவீஹ், விடிந்தால் நோன்பு. தெரியாவிட்டால் ஷஃபானை முப்பதாக நிறைவு செய்துவிட்டு மறுநாள். புதுப் பிறை மெல்லிய கீற்று, தாழ்வாக நிற்கும், முக்கால் மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ இருந்துவிட்டு இறங்கிவிடும். திருவண்ணாமலையின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கோயிலும் பழைய தெருக்களும் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கின்றன. கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலை அது. பழைய ஊருக்கு மேற்கு என்றாலே அந்த மலையின் தோள்தான். பௌர்ணமி நிலவு எதிரே கிழக்கில் தடையில்லாமல் எழும். அமாவாசை கழிந்த பிறையோ பின்னால் ஒளிந்துகொள்ளும். நிலவுக்கே பேர்போன ஊரில், தெருவில் நின்று முதல் பிறையைப் பார்ப்பது கடினம். ஊரைத் தாண்டிப் போக வேண்டும், அல்லது யாராவது சொல்ல வேண்டும்.

யார் சொல்வது? ஆற்காடு நவாப் ஆட்சியில் இதற்குக் காஜி இருந்தார், அரசே நியமித்தது. 1801இல் கர்நாடகம் கம்பெனியின் கைக்குப் போனது. காஜி பதவி உடனே போய்விடவில்லை. 1864ஆம் ஆண்டின் சட்டம் நீதிமன்றங்களில் இந்து, முஸ்லிம் சட்ட அலுவலர்களை நீக்கியபோது காஜி நியமன விதிகளையும் சேர்த்து நீக்கியது. ஆங்கில நீதிபதிகளுக்கு இனி காஜி தேவையில்லை, சரி. ஆனால் நிக்காஹ் எழுத, சடங்கு நடத்த ஊருக்குத் தேவைப்பட்டாரே! பதினாறு வருடம் கழித்து, வைஸ்ராயின் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்த சையது அகமது கான் கொண்டுவந்த மசோதா 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டமானது. கணிசமான முஸ்லிம்கள் விரும்பினால் அந்த வட்டாரத்துக்கு அரசு ஒரு காஜியை நியமிக்கலாம். அதிகாரம் எதுவும் கிடையாது. அவர் இருந்துதான் திருமணம் நடக்க வேண்டும் என்பதும் கிடையாது. மிகச் சிறிய சட்டம், அதில் பிறை என்ற பேச்சே இல்லை.

ஆனாலும் இன்று அரசு தலைமை காஜி சென்னையிலிருந்து அறிவிப்பதை வைத்துத்தான் தமிழ்நாட்டின் பெரும்பாலான ஜமாஅத்துகள் நோன்பைத் தொடங்குகின்றன, பெருநாள் அரசு விடுமுறையும் தள்ளிப்போகிறது. சட்டம் கொடுக்காத அதிகாரத்தை மக்கள் கொடுத்திருக்கிறார்கள் என்று இதைச் சொல்லலாம். எல்லாரும் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. உலகில் எங்கு கண்டாலும் போதும் என்பவர்கள் ஒரு பக்கம், நம் வட்டாரத்தில் கண்ணால் கண்டால்தான் என்பவர்கள் ஒரு பக்கம், வானியல் கணக்கே போதும் என்பவர்கள் இன்னொரு பக்கம். ஒரே தெருவில் ஒரு வீட்டில் பெருநாள், அடுத்த வீட்டில் முப்பதாம் நோன்பு என்பது தமிழ் முஸ்லிம்களுக்குப் பழகிப்போன கூத்து. இதில் என் சாய்வு காஜி பக்கம். அவர் சரியாகப் பார்க்கிறார் என்பதால் அல்ல. மலைக்குக் கிழக்கே குடியிருப்பவனுக்கு அடுத்தவன் கண்ணை நம்பாமல் வேறு வழியில்லை என்பதால்.

“இன்னிக்கா நாளைக்கா?” என்று மோதினாரைக் கேட்காத ஆள் அந்த மாலையில் இருக்க மாட்டார். விடை தெரியும் முன்பே கஞ்சிக்கு வேண்டியதை வாங்கி வைத்தாக வேண்டும்: பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, பட்டை, கிராம்பு, தேங்காய், புதினா, முடிந்தால் கொஞ்சம் கொத்துக்கறி. மதியத் தொழுகைக்குப் பின் அண்டாவில் ஏற்றினால் அஸருக்கெல்லாம் வாளியோடு, தூக்குச்சட்டியோடு வரிசை நிற்கும். வரிசையில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் உண்டு. பகல் முழுக்கக் காய்ந்த வயிற்றுக்குப் பிரியாணியைவிடக் கஞ்சிதான் சரி என்று கண்டுபிடித்தது யாரென்று தெரியாது, ஆனால் கெட்டிக்காரர். இந்தக் கஞ்சிக்குப் பள்ளிவாசல்களுக்கு அரசு அரிசி கொடுக்கும் திட்டம் 2001இல் அதிமுக ஆட்சியில் தொடங்கி, ஆட்சி மாறியும் தொடர்கிறது.

அரிசி வந்தும் கஞ்சி காய்ச்ச முடியாத வருடம் 2020. ஏப்ரல் 8ஐ ஒட்டிப் பௌர்ணமி, அதே நாட்களில் பராஅத். ஊரடங்கில் கிரிவலப் பாதையில் ஆளில்லை, கபர்ஸ்தானிலும் ஆளில்லை. 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் அரிசி என்று அரசு அறிவித்தது, ஆனால் பள்ளியில் காய்ச்சக் கூடாது, அரிசியாகவே வீடுகளில் கொடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. இதை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏப்ரல் 25 முதல் நோன்பு. அந்த ரமலானில் ஒவ்வொரு வீடும் தனக்கான கஞ்சியைத் தானே காய்ச்சியது. பெரிய அண்டாவின் ருசி சின்னச் சட்டியில் வராது என்பது அனுபவப்பட்டவர்களின் தீர்ப்பு.

ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் குறைவு. அதனால் ரமலான் பருவங்களையெல்லாம் சுற்றிவிட்டு ஏறக்குறைய 33 வருடத்தில் பழைய இடத்துக்கு வரும். 2000, 2001, 2002 ஆகிய மூன்று ஆண்டுகளில் கார்த்திகை தீபம் ரமலானின் நடுவில் வந்தது. அந்தப் பருவத்தில் இங்கே சூரியன் மறைவது 5.45 மணி வாக்கில். மலை உச்சியில் தீபம் ஏற்றுவது 6 மணிக்கு. பாங்கு சொல்லி, பேரீச்சம்பழம் வாயில் போட்டு, கஞ்சி குடித்து முடிக்கவும் உச்சியில் சுடர் தெரியவும் சரியாக இருந்திருக்கும். பிறையை மறைத்த அதே மலையில். கணக்குப்படி 2033இலும் 2034இலும் மறுபடி அப்படி வரும், ஒரு நாள் முன்னே பின்னே. அந்த ஒரு நாளைக் காஜிதான் சொல்ல வேண்டும்.