பூனைக்கு என்று வாங்கிய நஞ்சு

சில மாத்திரைகளுக்கு மருந்துக் கடையில் பெயர், விலாசம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அப்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும்: பொய்ப் பெயர் சொன்னால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் நஞ்சுச் சட்டங்களைப் படித்தபோது, இது பழைய கேள்வி என்று தெரிந்தது.

ஒரு காலத்தில் அங்கே "எலிக்கு" என்று சொன்னாலே ஆர்சனிக், அதாவது நம்ம பாஷாணம், கிடைத்துவிடும். 1851-இல் அதற்கென்றே சட்டம் போட்டார்கள். வாங்குபவர் கடைக்காரருக்குத் தெரிந்தவராக இருக்கணும். இல்லையென்றால் தெரிந்த சாட்சி வேணும். எதற்கு வாங்குகிறார் என்று எழுதிக் கையெழுத்து வாங்கணும். பொய்த் தகவல் கொடுத்தால் 20 பவுன் வரை அபராதம். வெள்ளைப் பொடி மாவோடு கலந்துவிடக் கூடாது என்று, சில்லறை விற்பனையில் புகைக்கரியோ நீலமோ கலக்கச் சொன்னார்கள். 1868-இல் வந்த பார்மசி சட்டம், எட்டிக்கொட்டையிலிருந்து எடுக்கும் ஸ்டிரிக்னினையும் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தது.

சட்டம் பக்காவாக இருக்கிறதல்லவா? மூன்றே வருஷத்தில் பிரைட்டன் நகரில் அதன் ஓட்டை தெரிந்தது.

1871 மார்ச்சில் ஐசக் காரெட் என்ற மருந்துக் கடைக்காரரிடம் ஒரு பெண்மணி வந்தார். பெயர் மிஸஸ் வுட். தோட்டத்தைப் பூனைகள் நாசம் பண்ணுகின்றன. ஸ்டிரிக்னின் வேண்டும் என்றார். காரெட் தயங்கினார். உடனே பக்கத்தில் தொப்பிக்கடை வைத்திருந்த பெண்ணை அவர் சாட்சிக்கு அழைத்து வந்தார். தன் கடையில் சாமான் வாங்கியவர் என்பதைத் தவிர, சாட்சிக்கு அவரைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனாலும் கையெழுத்துப் போட்டார். 10 கிரெயின் கைமாறியது. ஒன்றிரண்டு கிரெயினே ஒரு ஆளைக் கொல்லப் போதும்.

உண்மைப் பெயர் கிறிஸ்டியானா எட்மண்ட்ஸ். நஞ்சு கலந்த சாக்லேட்டுகளை அவர் மிட்டாய்க் கடைக்கே திருப்பி அனுப்பி, விற்பனைச் சரக்கோடு சேர வைத்தார். ஜூன் 12-ஆம் தேதி, அந்தக் கடைச் சாக்லேட்டைத் தின்ற 4 வயதுப் பையன் இறந்துபோனான். விசாரணையில் விபத்து என்றே தீர்ப்பானது. எட்மண்ட்ஸும் அங்கே வந்து, அந்தச் சாக்லேட்டால் தனக்கும் உடம்புக்கு முடியாமல் போனதாகச் சாட்சி சொன்னார்!

பிறகு காரெட்டுக்கு ஒரு கடிதம் வந்தது: நஞ்சுப் பதிவேட்டைக் கொடுத்தனுப்பவும். பிரேத விசாரணை அதிகாரியின் பெயரில் வந்த போலிக் கடிதம் அது. 1872 ஜனவரியில் எட்மண்ட்ஸுக்கு மரண தண்டனை விதித்தார்கள். பின்னர் அது மாற்றப்பட்டு, பிராட்மூர் மனநோய்க் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டார். 1907-இல் அங்கேயே இறந்தார்.

நமக்கு யோசிக்க இரண்டு விஷயம் இருக்கு. ஒன்று, "தெரிந்தவர்" என்ற சொல்லை நம்பிச் சட்டம் நின்றது. முகம் தெரிந்தாலே ஆளைத் தெரியும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு, அந்த நோட்டால் நஞ்சைத் தடுக்க முடியவில்லை. ஆனால் பொய்யை எழுதி வைத்துக்கொண்டது. எழுதியவருக்கே அதைப் பார்த்துப் பயம் வந்தது. பையன் பிழைக்க அது போதவில்லை என்பதுதான் வருத்தம்.