சூரியப் புள்ளிகளும் விற்பனைக் கணிப்பும்: கொடைக்கானல் வானாய்வகத்தின் பின்னணி

அடுத்த பருவத்தில் சரக்கு எவ்வளவு விற்கும் என்று முன்கூட்டியே மதிப்பிடுவது விற்பனை முன்கணிப்பு எனப்படும். பழைய கணக்கேட்டைப் புரட்டிப் பார்ப்பது இதில் எளிய வழி. விற்பனையை ஏற்றி இறக்கும் காரணத்தைக் கண்டுபிடித்து, அதைத் தொடர்ந்து கவனித்து வருவது கடினமான வழி. 19-ஆம் நூற்றாண்டில் இந்த இரண்டாவது வழியில் போன ஒருவர் சூரியனில் போய் நின்றார். பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து 2343 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானல் சூரிய வானாய்வகமும் அதே காலத்து எண்ணங்களிலிருந்து பிறந்ததுதான்.

தாது வருடப் பஞ்சம்

1876-இல், தாது வருடத்தில் தொடங்கிய பஞ்சம் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டியது. அரை கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பரவலான மதிப்பீடு. மழை ஏன் பொய்த்தது என்ற கேள்வி எங்கும் எழுந்தது. வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, 1813 முதல் சென்னையில் பதிவான மழையளவைச் சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டார். இப்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைபவை. அவை குறையும்போது சென்னையில் மழையும் குறைகிறது என்று அவர் 1877-இல் எழுதினார். பஞ்ச காலத்திலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. பழியைச் சூரியன்மேல் போடுவது ஆட்சியாளர்களுக்கு வசதியாகவும் இருந்தது.

ஜெவன்ஸ் கோத்த சங்கிலி

இங்கிலாந்தின் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் இதை வணிகத்தோடு இணைத்தார். அவர் வாதம் இப்படிப் போகிறது. சூரியனின் மாற்றத்தால் இந்தியாவில் விளைச்சல் குறைகிறது. தானிய விலை ஏறுகிறது. உழவரின் கைக்காசு முழுவதும் சோற்றுக்கே போகிறது. துணி வாங்க மிச்சமில்லை. ஆகவே லங்காஷயர் ஆலைகளின் துணி தேங்குகிறது, இங்கிலாந்தில் வணிக நெருக்கடி வருகிறது. இதன்படி, புள்ளிகளை எண்ணி வந்தால் துணி வியாபாரத்தின் சரிவை முன்னறியலாம். பஞ்சத்தில் துணி விற்காது என்பது எந்த ஜவுளிக்கடைக்காரரும் ஒப்புக்கொள்ளும் செய்தி. சங்கிலியின் பலவீனம் அதன் முதல் கண்ணியில் இருந்தது.

1875-இல் அவர் எடுத்துக்கொண்ட சுழற்சி 11.11 ஆண்டுகள். நெருக்கடிகளின் இடைவெளியோ அதைவிடக் குறைவாக இருந்தது, கணக்கு ஒட்டவில்லை. அதற்குள், திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநராக முன்பு இருந்த ஜான் ஆலன் பிரௌன், புள்ளிகளின் சுழற்சி 10.45 ஆண்டுகளே என்று வெளியிட்டார். ஜெவன்ஸ் அதைப் பற்றிக்கொண்டு 1878-இல் மீண்டும் எழுதினார். எண்கள் பொருந்துவதற்காக, போதிய சான்றில்லாத 18-ஆம் நூற்றாண்டு நெருக்கடிகளையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். உண்மையான சராசரி 11 ஆண்டுகளை ஒட்டியதே. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டில் பதினைந்து நிகழ்ச்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரே நீளமுள்ள இரண்டு சுழற்சிகளுக்கு உறவு கற்பிப்பது எளிது. அந்த உறவை நிறுவுவது கடினம். 1882-இல் கடலில் நீந்தச் சென்று மூழ்கி இறக்கும்வரை அவர் இக்கருத்தைக் கைவிடவில்லை.

கொடைக்கானலில் நடந்தது

சூரியனை அறிந்தால் பருவமழையை அறியலாம் என்ற நம்பிக்கை அரசாங்கத்திடமும் இருந்தது. 1893-இல் கெல்வின் பிரபு தலைமையிலான குழு, தூசு குறைந்த உயரமான இடம் என்று கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தது. மிச்சி ஸ்மித் பொறுப்பேற்றார். சென்னை வானாய்வகத்தின் கருவிகள் மலையேறின. 1899 ஏப்ரல் 1-இல் ஆய்வகம் தொடங்கியது. 1901 முதல் சூரியனை நோக்கும் பணி நடந்தது. 1909-இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்குதான் கண்டறிந்தார். அது இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. நூறாண்டுக்கும் மேற்பட்ட சூரியப் படங்கள் இங்கே சேர்ந்துள்ளன. மழையைக் கணிக்கும் வழி மட்டும் கிடைக்கவில்லை.

இந்திய வானிலைத் துறைக்கு 1904-இல் தலைவரான கில்பர்ட் வாக்கர் கணித வல்லுநர். புள்ளிகளுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பை அவர் புள்ளியியல் முறையில் சோதித்து, அது நம்பத்தக்க அளவுக்கு வலுவானதல்ல என்று 1915-இல் காட்டினார். பின்னர் பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் காற்றழுத்தம் ஊசலாடுவதை அவர் கண்டறிந்தார். இன்று எல் நினோ என்று செய்திகளில் அடிபடுவது அந்த ஊசலோடு சேர்ந்ததே.

இன்று டிராக்டர், உரம், சோப்பு விற்கும் நிறுவனங்கள் கிராமப்புற விற்பனையைத் திட்டமிட, ஏப்ரலில் வெளிவரும் தென்மேற்குப் பருவமழைக் கணிப்பைப் பார்க்கின்றன. ஜெவன்ஸின் சங்கிலியில் முதல் கண்ணி மாறிவிட்டது, மற்றவை அப்படியே உள்ளன. ஆனால் பழனியிலோ ஒட்டன்சத்திரத்திலோ விதைக்கடை வைத்திருப்பவருக்கு அந்தக் கணிப்பு மட்டும் போதாது. இப்பகுதிச் சமவெளிக்கு வடகிழக்குப் பருவமழையே முக்கியம். எல் நினோ ஆண்டுகளில் நாட்டின் பிற பகுதிகளில் மழை குறைந்தாலும், தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கூடுதலாகப் பெய்வதே பெரும்பாலும் வழக்கம்.